வேலாயுதத்தின் துப்பாக்கிக்கு ஒரு கோணல் கட்டை

துப்பாக்கிக்குக் கட்டை செய்கிறவனுக்கு இந்த உலகத்தில் நல்ல பெயரே கிடையாது. குறி தப்பினால் கட்டை சரியில்லை என்பார்கள், குறி பட்டால் நான் சுட்டதைப் பார்த்தாயா என்பார்கள். சட்டை தைக்கிறவர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் பல் கட்டுகிறவர்களும் இதைப் படித்தால் தலையை ஆட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்தவன் உடம்புக்கு அளவெடுத்துப் பிழைக்கிற நம் எல்லோருக்கும் தலையெழுத்து ஒன்றுதான்.

என் பெயர் சூசை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். கோலாலம்பூரில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், துப்பாக்கிக் கடையில், பின்கட்டில் எனக்கு வேலை. குழலும் விசையும் சீமையிலிருந்து கப்பலில் வரும். அவற்றோடு வருகிற சீமை மரம் நம் ஊர் மழைக்கும் கறையானுக்கும் தாங்காது. இரும்பு கிண்ணென்று இருக்கும், தோளில் வைக்கிற மரக்கட்டை மட்டும் பிளந்து போகும். அதைக் கழற்றிவிட்டு உள்ளூர் மரத்தில் புதிதாகச் செய்து மாட்டுவதுதான் என் வேலை. ஒரு கட்டைக்கு எத்தனை உளி வேண்டும் தெரியுமா? எத்தனை இருந்தாலும், அன்றைக்கு வேண்டிய உளி மட்டும் இருக்காது.

உளி பார்க்கும் சடங்கு

உளி வாங்குவதென்றால் நான் கொஞ்சம் முசுடு. பளபளப்பைப் பார்த்து ஏமாற மாட்டேன். முதலில் நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பேன். நல்ல இரும்பு மணி மாதிரி இழுத்துப் பாடும். விரிசல் விட்டது ‘டொக்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளும். பிறகு கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டிமேல் உளியின் முதுகைப் படுக்கவைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பேன். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெலுத்தோங் மரத்துண்டை எடுப்பேன். ஜெலுத்தோங் பஞ்சு மாதிரி மெத்தென்ற மரம். கடின மரத்தை எந்த உளியும் வெட்டிவிடும், மெத்தென்ற மரத்தைத்தான் மொக்கை உளி நசுக்கிவிடும். அதன் குறுக்குவெட்டில் ஒரு சீவல் எடுத்து, வெட்டிய இடம் மெழுகு மாதிரி மின்னினால்தான் எனக்குத் திருப்தி.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் இரும்புச் சாமான் கடையில் ஒரு தரம் இப்படி ஓர் உளிக்காகக் காலையில் போனவன் மத்தியானமாகியும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு உளியையும் தீட்டி, முன்கை முடியைச் சிரைத்துப் பார்த்துப் பார்த்து, இடது கை முழுக்க மொட்டை. கடைசியில் எனக்குப் பிடித்த உளி, அந்தக் கடைப் பையன்கள் பெட்டி உடைக்க வைத்திருந்த பழைய உளி! பிடி பிளந்து, தலையெல்லாம் நசுங்கிக் கிடந்தாலும் இரும்பு தங்கம். அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினேன். கல்லாவில் இருந்தவர் என்னையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, அடுத்த தடவ வரும்போது இன்னொரு கையையும் கொண்டாங்க. கடையில இன்னும் நெறைய உளி இருக்கு.”

கிராணியின் துப்பாக்கியில் குங்குமம்

இரும்பு மரத்துக்குள் உட்காருகிற இடத்தில் இடைவெளியே இருக்கக்கூடாது. இருந்தால் வெடிக்கிற உதையில் கட்டை பிளந்துவிடும். அதற்காக நாங்கள் இரும்பில் விளக்குக் கரியைப் பூசி, மரத்தில் வைத்து அழுத்தி எடுப்போம். எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் கரி ஒட்டியிருக்கும். அந்தக் கரியை மட்டும் உளியால் துடைக்கிற மாதிரி சீவி எடுத்துவிட்டு, மறுபடி பூசி, மறுபடி அழுத்த வேண்டும். பூசுவது, அழுத்துவது, சீவுவது என்றே நாள் போய்விடும். மனைவி சோற்றுக்குக் கூப்பிட்டாலும் காதில் விழாது.

பூச்சோங் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருவருக்கு மெர்பாவ் மரத்தில் கட்டை செய்தேன். அது கறுத்த மரம். கரியைப் பூசினால் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அடுத்த வீட்டு அக்காவிடம் கொஞ்சம் குங்குமம் வாங்கித் தேங்காயெண்ணெயில் குழைத்து இரும்பில் பூசினேன். செக்கச்செவேலென்று என்ன அழகாகப் பதிந்தது! நான் அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது கிராணி உள்ளே நுழைந்தார். அவர் பரம்பரை மெதடிஸ்ட் கிறிஸ்தவர், சர்ச்சில் பிரசங்கம்கூடச் செய்கிறவர். தன் துப்பாக்கி குங்குமத்தில் குளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. “நீ கத்தோலிக்கன்தானே சூசை, எப்போலேர்ந்து இந்தப் பூசையெல்லாம்?” என்றார்.

ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, முழு வேலையையும் செய்து காட்டினேன். மனிதர் கோபத்தை மறந்து, சிவப்பு விழுகிற இடத்தையெல்லாம் எனக்கு முன்பே விரலால் காட்ட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் இரும்பும் மரமும் சேர்ந்த இடத்தில் ஒரு சிகரெட் தாளைக்கூட நுழைக்க முடியவில்லை. அவரே நுழைத்துப் பார்த்துத் தோற்றுப்போனார். வாயாரப் புகழ்ந்துவிட்டு, வாசல் வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “வேல பிரமாதம் சூசை, ஆனா அந்தச் செவப்ப மட்டும் ஒரு பொட்டு இல்லாமத் தொடச்சிடு. சுட்ட பன்னியில பாஸ்டர் வீட்டுக்கும் ஒரு பங்கு போகுது லா.”

துரை ஆசைப்பட்ட அழகு மரம்

ரெங்காஸ் மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பும் கறுப்பும் ஓடிய ரேகை, பட்டுச்சேலை தோற்றுவிடும். ஆனால் அதன் பால் பட்டால் உடம்பெல்லாம் கொப்புளம். காட்டில் மழைக்குக்கூட அதன் அடியில் ஒதுங்க மாட்டார்கள். ஒரு தோட்டத் துரை இந்த மரத்தில்தான் கட்டை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தவுக்கே வேண்டாம் என்றார், நான் வேண்டாம் என்றேன். துரை காதில் ஏறவில்லை. சரியாகக் காயாத மரத்தை அவரே காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்தும் என் முகம் பலாப்பழமாக வீங்கிவிட்டது. கண்ணைத் திறக்க முடியாமல் கட்டையைத் தடவித் தடவியே முடித்தேன். பொய் சொல்லக்கூடாது, நான் செய்ததிலேயே அழகான கட்டை அதுதான். துரை வந்து கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்து மயங்கிப்போனார். அடுத்த முறை வந்தபோது அவருடைய ஒரு பக்கக் கன்னம் தனியாக முன்னால் வந்தது. கோபிப்பார் என்று நான் பின்வாசலைப் பார்த்து நகர்ந்தேன். அவரோ என் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரு பக்க வாயால் இங்கிலீஷில் சொன்னார்: “மிஸ்டர் சூசை, இவ்வளவு அழகான பொருளைத் தொடக்கூடாது, இனிமேல் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.”

வேலாயுதமும் பாக்கியமும்

ரப்பர் விலை விழுந்துகிடந்த காலம் அது. தோட்டம் தோட்டமாக ஆள்களைக் குறைத்து, கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு புருஷனும் மனைவியும் கடைக்கு வந்தார்கள். அவன் கையில் கழுத்து முறிந்த துப்பாக்கி. வலது கண்ணை மூடி ஒரு கட்டு.

அவன் பெயர் வேலாயுதம். தோட்டத்தில் இளங்கன்றுகளைத் தோண்டிப் போடுகிற காட்டுப்பன்றிகளைச் சுடுகிற காவல் வேலை. பரண் சரிந்து ரோத்தான் பிரம்பு முள்புதரில் விழுந்ததில் வலது கண் போய்விட்டது, இடது தோள் எலும்பு நொறுங்கிவிட்டது, துப்பாக்கிக் கட்டையும் போய்விட்டது. துப்பாக்கி எஸ்டேட்டுடையது என்பதால் புதுக்கட்டை போட மானேஜர் ஒத்துக்கொண்டார். கூடவே ஒரு நிபந்தனை. கட்டை மாட்டியதும் தன் முன்னால் வேலாயுதம் சுட்டுக் காட்ட வேண்டும். சுட முடிந்தால் வேலை நிலைக்கும். முடியாவிட்டால் துப்பாக்கி எஸ்டேட் வாட்ச்மேன் கைக்குப் போகும், வேலாயுதம் குடும்பம் கப்பலுக்குப் போகும். அவன் கைக்குழந்தையாக மலாயாவுக்கு வந்தவன், மனைவி பாக்கியம் இங்கேயே பிறந்தவள். நாகப்பட்டினத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பி நடப்பது என்றுகூட இரண்டு பேருக்கும் தெரியாது.

இடது தோளில் வைத்துச் சுடலாமே என்று கேட்டேன். அவன் சட்டையை விலக்கிக் காட்டினான். அந்தத் தோள் ஒரு வேட்டின் உதையைக்கூடத் தாங்காது. வலது தோளில்தான் வைக்க வேண்டும், இடது கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஏதோ ஆறுதலாக, கண் போனதற்கு வருத்தப்படுகிறேன் என்று ஆரம்பித்தேன். பாக்கியம் பாதியில் நிறுத்தினாள்: “அண்ணே, போன கண்ணுக்கு நாங்க அழுது முடிச்சிட்டோம். இருக்கற கண்ணுக்கு நேரா அந்தக் குழலக் கொண்டு வர முடியுமா, முடியாதா, அத மட்டும் சொல்லுங்க.”

சாமி செதுக்குகிறவரின் உளி

முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டையின் அடி வலது தோளில் இருக்க, அங்கிருந்து கழுத்து வளைந்து வந்து குழலை இடது கண்ணுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். நேரான பலகையில் அப்படி வளைத்து வெட்டினால் மரத்தின் நார் அறுந்து, முதல் வேட்டிலேயே கழுத்து முறியும். வளைந்தே வளர்ந்த மரம் வேண்டும். அது யாரிடம் இருக்கும்? படகு கட்டுகிறவர்களிடம் இருக்கும். படகின் விலா எலும்புக்கு அவர்கள் வளைந்த மரத்தைத்தான் தேடிப்பிடிப்பார்கள். ரயிலேறிக் கிள்ளான் போய், பண்டமாரான் தாண்டி ஆற்றோரத்துப் படகுப் பட்டறையில் ஒரு முழுப்பகல் மரத்தைப் புரட்டினேன். எனக்கென்றே வளைந்த மாதிரி ஒரு துண்டு கிடைத்தது.

மரம் கிடைத்தது, உளி இல்லை. வளைவுக்குள் இரும்பு உட்காரப் பள்ளம் தோண்ட, கழுத்து நீண்டு வாய் வளைந்த உளி வேண்டும். சீமை உளிகள் எல்லாம் நெட்டையாக நிமிர்ந்து நிற்கும், வளைவுக்குள் நுழையாது. கிள்ளானில் கோயில்களுக்குச் சாமி உருவம் செதுக்குகிற சீனர் ஒருவர் இருக்கிறார் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். போனேன். அவர் முன்னால் உளிகளைப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன். விரல் நகம் அளவில் தொடங்கி உள்ளங்கை அகலம் வரை, வளைவில் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம். ஒவ்வொரு பிடியும் ஒவ்வொரு மரம். அவர் கண்ணைச் சாமியின் முகத்திலிருந்து எடுக்காமலே கையை நீட்டி, பிடியைத் தொட்டதும் இது எந்த உளி என்று தெரிந்து எடுத்தார். நான் இருபது வருஷமாகக் குனிந்து தேடிக்கொண்டிருக்கிறேன்! அந்த நிமிஷம் எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

விஷயத்தை மலாய் மொழியில் சொன்னேன். துப்பாக்கி என்றதும் முகத்தைச் சுளித்தார். உயிரெடுக்கிற சாமானுக்குத் தன் உளி வராது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். எனக்கும் ரோஷம் வந்தது. உளியைக் கேட்பது உயிரெடுக்க இல்லை, ஒரு குடும்பத்தைக் கப்பலிலிருந்து இறக்கத்தான் என்று வேலாயுதத்தின் கதையைக் கொட்டினேன். அவர் செதுக்குவதை நிறுத்தவில்லை. எந்தக் கண் என்று மட்டும் கேட்டார். வலது என்றேன். அப்போது அவர் செதுக்கிக்கொண்டிருந்ததும் சாமியின் கண். கையிலிருந்த அதே உளியைத் துணியில் துடைத்து, பிடிப்பக்கத்தை என்னிடம் நீட்டினார்: “இது சாமிக்குக் கண்ணு தொறக்கற உளி, அவனுக்காகன்னா கொண்டு போ. ஆனா தீட்டாமத் திருப்பிக் குடுத்தே, என் வாசல்ல கால் வைக்காதே லா.”

குழலுக்கு எதிரில் நின்றது

கட்டை பொருந்துகிறதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. தோட்டா இல்லை என்று திறந்து பார்த்துவிட்டு, கட்டை செய்தவன் குழலுக்கு எதிரில் போய் நிற்க வேண்டும். சுடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கி, பிறகு திறக்க வேண்டும். அவன் கண்மணி குழலுக்கு மேலே சூரியன் உதிக்கிற மாதிரி நடுவில் தெரிந்தால் பொருத்தம் சரி. நான் திறந்து பார்த்தேன், தவுக்கே திறந்து பார்த்தார், நம்பிக்கை வராமல் நான் மறுபடி திறந்து பார்த்தேன். சகோதரர்களே, சட்டை தைக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

முதலில் அவன் கண்மணி குழலுக்கு வெளியே தெரிந்தது. கன்னம் இடிக்கிற இடத்தைச் சீவினேன். மறுபடி தூக்கச் சொன்னேன். கொஞ்சம் உள்ளே வந்தது. மறுபடி சீவினேன். அதிகமாக ஒரு சீவல் போய்விட்டால் திரும்ப ஒட்ட முடியாது, அப்படி வளைந்த இன்னொரு மரத்துக்கும் நான் எங்கே போவேன்? பாக்கியம் என் உளியையே பார்த்தாள். கடைசியில் சாமி உளியால் பூப்போல ஒரு சீவல் எடுத்துக் கொடுத்தேன். வேலாயுதம் கண்ணை மூடினான், தூக்கினான், திறந்தான். குழலின் உச்சியில், நட்ட நடுவில், அந்த ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவன் துப்பாக்கியை இறக்கவே இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு சொன்னான்: “சூசையண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்களுக்குப் பின்னால சொவத்துல ஒரு பல்லி தெரியுது.”

மானேஜர் சுட்ட வேட்டு

சுட்டுக் காட்டுகிற நாளில் நானும் எஸ்டேட்டுக்குப் போனேன். ரப்பர் மரத்தில் ஒரு தகரத் தட்டைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். மானேஜர், பக்கத்தில் நெட்டையான வாட்ச்மேன். வாட்ச்மேன் முன்பு பட்டாளத்தில் இருந்தவர். லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கிற ஆள்களெல்லாம் வேலியோரம் நின்றார்கள். பாக்கியம் இடுப்பில் குழந்தையோடு முன்னால் நின்றாள்.

வேலாயுதம் மானேஜரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவசரமாகத் தூக்கினான். முதல் குண்டு தட்டில் படவில்லை. இரண்டாவது தட்டின் விளிம்பை உரசிக்கொண்டு போனது. மானேஜர் உதட்டைப் பிதுக்கி, துப்பாக்கியை வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்தார். வாட்ச்மேன் மார்பை நிமிர்த்திக்கொண்டு சுட்டார். தட்டுக்கு வலப்பக்கம் வெகு தூரத்தில் மண் பறந்தது. மறுபடி சுட்டார், மறுபடியும் அங்கேதான். மானேஜருக்குச் சிரிப்பு வந்தது. அவர் பேர்பெற்ற வேட்டைக்காரர். துப்பாக்கியைப் பிடுங்கித் தானே வைத்துச் சுட்டார். ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகையின் கூரைத் தகரம் ‘டணார்’ என்றது. உள்ளேயிருந்து இரண்டு பேர் வெளியே ஓடிவந்தார்கள்.

மானேஜர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று என்னைக் கேட்டார். வலது தோளும் இடது கண்ணும் உள்ள ஆளுக்குச் செய்தது, மற்றவர்கள் வைத்தால் குழல் வலப்பக்கம் போகும் என்றேன். நேராக்க முடியுமா என்றார். முடியாது, வேறு கட்டைதான் செய்ய வேண்டும் என்றேன். விலை விழுந்த காலத்தில் இரண்டாவது கட்டைக்குக் கம்பெனியிடம் கேட்கிற தைரியம் எந்த மானேஜருக்கு வரும்? அவர் கொட்டகைக் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துப்பாக்கியை வேலாயுதத்தின் கையில் திணித்துவிட்டு நடந்தார். சத்தியமாக இதை நான் யோசித்துச் செய்யவில்லை. வேலாயுதம், யாரும் கேட்காமலே, ஒரு தோட்டாவைப் போட்டுத் தூக்கினான். இந்தத் தடவை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டு நடுவில் ஓட்டையோடு கயிற்றில் சுழன்றது. லயமே கத்தியது. பாக்கியம் மட்டும் கத்தவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு, அந்தக் கோணல் கட்டையைக் கையால் ஒரு தரம் தடவினாள். பிறகு என்னிடம் சொன்னாள்: “இதுவும் எங்கள மாதிரிதாண்ணே, இனி இந்தத் தோட்டத்த விட்டு வேற எங்கயும் ஒதவாது.”

உளி பிடித்த இத்தனை வருஷத்தில் என் வேலைக்குக் கிடைத்த மிகப் பெரிய நற்சாட்சி, நன்றாகச் சுடத் தெரிந்த ஒரு மனிதர் நான் செய்த கட்டையை வைத்துக்கொண்டு ஒரு கொட்டகைக் கூரையைத் தவிர வேறொன்றையும் அடிக்க முடியாமல் போனதுதான்.